பழைய கணினியில் விமானம் ஓட்ட எது நல்லது: எஃப்எஸ்எக்ஸ், எக்ஸ்-பிளேன் 11, ஃபிளைட்கியர்

நங்கநல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் சக்கரம் வரை தெரியும். அதைப் பார்த்தே வளர்ந்த பையன், எட்டாவது முடித்த விடுமுறையில், "அப்பா, நானே இறக்கிப் பார்க்கணும்" என்றான். வீட்டில் இருப்பது ஐ5-3470, 8 ஜிபி ரேம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ள பழைய கணினி. அதற்கு எந்த சிமுலேட்டர், அதாவது கணினியிலேயே விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள், ஒத்துவரும் என்று ஒரு மாதம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம்.

2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வட்டில் 150 ஜிபி இடம் கேட்கும். நிலப்பரப்பின் படங்களும் இணையம் வழியாக வந்துகொண்டே இருக்க வேண்டும். நம் கணினிக்கு அது ஆகாது.

ஃபிளைட்கியர் முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள். பறக்கப் பறக்க அந்தந்த இடத்து நிலப்பரப்பை மட்டும் இறக்கிக்கொள்ளும் என்பதால் இடமும் கொஞ்சமே போதும். தன்னார்வலர்கள் செய்வதால் விமானத்துக்கு விமானம் தரம் மாறுகிறது. நான் ஓட்டியது ஒரே வாரம், அதுவும் செஸ்னா 172 என்ற சிறிய விமானம் மட்டும்தான். அதை வைத்து இதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். எக்ஸ்-பிளேன் 11, 2017-இல் வந்தது. இறக்கையைச் சிறு சிறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று தரும் விசையைக் கணக்கிடுகிறது. பக்கக் காற்றில் செஸ்னா ஆடும் ஆட்டம் அவ்வளவு இயல்பாக இருக்கிறது. காட்சியும் அழகு. வலுவான கணினி இருப்பவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

ஆனாலும் நான் தேர்ந்தெடுத்தது 2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸ், அதாவது மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ். காரணம் ஒன்றே ஒன்று, தரையிறக்கம்.

கிண்டிப் பக்கமிருந்து 25 என்ற எண் கொண்ட ஓடுபாதைக்கு வருகிறோம், வலது பக்கம் பரங்கிமலை. செஸ்னாவின் வேகம் 65 நாட் அளவில். தரைக்குச் சில அடி உயரத்தில் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நொடிதான் எல்லாமே. ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) குறைவது நடுவானில் பெரிதாகத் தெரியாது. விமான நிலையக் கட்டடங்கள் நெருங்க நெருங்கத்தான் கணினி திணறும், அதாவது சரியாக இறங்கும் நேரத்தில்.

எக்ஸ்-பிளேனில் நொடிக்கு ஏறத்தாழ 20 ஃபிரேமுக்குக் கீழே போனால், கணக்கு பிசகக்கூடாது என்பதற்காக அது நேரத்தையே மெதுவாக்கிவிடும். ஸ்டாப்வாட்ச் பிடித்துப் பார்த்தேன்: காக்பிட் கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஓட, வெளியே ஒன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆனது. விமானம் மிதந்துகொண்டு இறங்குகிறது, பையனும் அழகாக இறக்குகிறான். ஆனால் கைக்குப் பழகும் நேரம் தப்பு. அதே கையோடு எஃப்எஸ்எக்ஸுக்கு வந்தபோது நான்கு முறை தொடர்ந்து தரையில் மோதினான்.

எஃப்எஸ்எக்ஸில் காட்சி அமைப்புகளில் ஃபிரேம் அளவை 30-இல் நிறுத்தினேன். ஆட்டோஜென் எனப்படும் மரம், வீடுகளை நடுத்தரத்துக்குக் குறைத்தேன். தண்ணீர் விளைவையும் மற்ற விமானங்களின் போக்குவரத்தையும் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் ஓடுபாதையைத் தொடும் வரை திணறல் இல்லை.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் புது கிராபிக்ஸ் கார்டு போடச் சொன்னார்கள். எஃப்எஸ்எக்ஸுக்காக மட்டும் என்றால் வேண்டாம். அது பெரும்பாலும் பிராசசரைத்தான் நம்பியிருக்கிறது. அந்தப் பணத்தில் கொஞ்சத்துக்கு, பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் வாங்கி வந்தேன். ஃபேனைக் கழற்றினால் பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகப் பொடிந்தது. துடைத்துப் புதிதாகத் தடவிய பிறகு மே மாதப் பகலிலும் வேகம் சரியவில்லை.

குறைகளும் உண்டு. இது 32-பிட் நிரல். பெரிய ஊர்க்காட்சிகளையும் கனமான விமானங்களையும் சேர்த்துக்கொண்டே போனால் நினைவகம் போதாமல் நடுவானில் நின்றுவிடும். மீனம்பாக்கமும் 2006 நிலவரம்தான். இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாக நீள்வதை இதில் பார்க்க முடியாது.

உங்கள் கணினி கொஞ்சம் புதிது என்றால் முதலில் எக்ஸ்-பிளேன் 11 டெமோவைப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு 15 நிமிடம்தான் கிடைக்கும், பரவாயில்லை. நேராக ஓடுபாதைக்கு வந்து, இறங்கும்போது ஃபிரேம் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 25-க்குக் கீழே போகவில்லை என்றால் அதையே வாங்குங்கள்.