பட்டறை மேசைக்கு ரப்பர் அடியா, இரும்பு அடியா?

கோவை கணபதி, குறிச்சிப் பக்கத்துப் பட்டறைகளில் தரை ஒரே மட்டமாக அமைவது அபூர்வம். அதனால் திருகி உயர்த்தும் கால் இல்லாமல் மேசை ஆடாமல் நிற்காது. அந்தக் காலின் அடியில் தரையில் பதியும் தட்டுதான் அடி; அது ரப்பரிலும் வரும், இரும்பிலும் வரும்.

பெஞ்ச் கிரைண்டர் (சாணைக்கல் சுழலும் இயந்திரம்) ஸ்டாண்டுக்கு ரப்பர் அடிதான் என் தேர்வு. அதிர்வைக் குறைக்கும், நகராது. ஆனால் எண்ணெய் சிந்தும் இடத்தில் சாதாரண ரப்பர் ஊறி உப்பிவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.

வைஸ் (வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) பூட்டிய மேசைக்கு மறுபேச்சின்றி இரும்பு அடிதான். அரம் போடும்போது ரப்பர் அமுங்கி மேசை அசைந்தால் வேலை சுத்தமாக வராது. தரை சாய்வாக இருந்தால் அடித்தட்டு தானே சாய்ந்து பதியும் வகையைப் பாருங்கள்.

காலின் எம்12 (12 மி.மீ. விட்டம்) மரையில் ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. உயரும், எம்16-இல் 2 மி.மீ. கனமான மேசைக்கு எம்16 வாங்குங்கள். மட்டம் பார்த்ததும் காலைத் திரும்பாமல் பூட்டும் லாக் நட்டை இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதிர்விலேயே கால் இறங்கிவிடும்.