பிபிஎஸ்எஸ்பிபி: ஆறு வருடம் விளையாடிய பிறகு அதன் சோர்ஸ் கோடையும் (source code) திறந்து பார்த்தேன்

பிஎஸ்பி (சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி) விளையாட்டுகளைப் போனில் ஓட வைக்கும் பிபிஎஸ்எஸ்பிபி என்ற செயலியை 2019இல் 2 ஜிபி ரேம் போனில் போட்டேன். மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பிஎஸ்பியின் பெட்டரி வீங்கிவிட்டது. டிஸ்க்குகளை முன்பே நகலெடுத்து வைத்திருந்தோம். இலங்கையில் ஹட்டன் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போனால் வருகிற நேரம் தெரியாது. லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறை) தம்பியும் நானும் போனில் மாறி மாறி விளையாடித்தான் பொழுதைக் கழிப்போம். 2022 மின்வெட்டுக் காலத்தில் இது எங்களுக்குப் பெரிய துணை.

ஹென்ரிக் ரிட்கார்ட் 2012இல் வெளியிட்ட எமுலேட்டர் (ஒரு கருவியைப் போல இன்னொரு கருவியில் நடிக்கும் மென்பொருள்) இது. பிஎஸ்பியின் இயங்குதளம் அடங்கிய பயோஸ் ஃபைல் தேவையில்லை. அந்த இயங்குதளத்தின் வேலைகளை கோடிலேயே திரும்ப எழுதியிருக்கிறார்கள். கோட் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு பழைய லெப்டொப்பில் நானே கம்பைல் செய்ய (கோடை ஓடக்கூடிய செயலியாக மாற்ற) தொடங்கினேன். 4 ஜிபி ரேமில் ஒரே நேரத்தில் இரண்டு ஃபைலுக்கு மேல் கம்பைல் செய்யவிட்டால் லெப்டொப் உறைந்துவிடும். முதல் கம்பைலுக்குப் பொறுமை வேண்டும், அப்புறம் மாறிய ஃபைல்கள் மட்டும்தான்.

நான் வியந்தது ஸேவ் ஸ்டேட் (விளையாட்டை அந்த நொடியிலேயே அப்படியே சேமிப்பது) பகுதியைப் பார்த்துத்தான். எமுலேட்டரின் ஒவ்வொரு பகுதியும் தன் நிலையை எழுதும்போது ஒரு பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுகிறது. புதிதாக ஒரு மதிப்பைச் சேர்த்தால், எண்ணை 1இலிருந்து 2 ஆக்கி, பழைய ஃபைல் வந்தால் அந்த மதிப்பைத் தேடாமல் விடச் சொல்ல வேண்டும். நான் எண்ணைக் கூட்டாமல் ஒரு புதிய மதிப்பைச் சேர்த்தேன். கார் ரேஸ் விளையாட்டில் தம்பி 2019இல் வைத்த ஸேவ் ஸ்டேட் திறக்கவில்லை. அவன் முகம் வாடிவிட்டது. எண்ணைக் கூட்டி, ஒரு நிபந்தனை எழுதினேன். அதே இடத்தில், அதே வளைவில் கார் நின்றது. இருந்தாலும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் ஸேவையும் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு.

என் போனின் கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) வல்கன் என்ற படம் வரையும் முறையில் சில காட்சிகளைக் கறுப்பாகக் காட்டியது. ஓப்பன்ஜிஎல் என்ற இன்னொரு முறைக்கு மாற்றியதும் சரி. இப்படிப்பட்ட டிரைவர் பிழைகளுக்கென்றே கோடில் ஒரு பட்டியல் இருக்கிறது. தனித்தனி விளையாட்டுகளுக்கு வேண்டிய விதிவிலக்குகள் வேறொரு ஃபைலில். எந்தப் பழைய போனையும் கைவிடக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேட, கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) என்ற கருவியில் பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. பாதி பாதியாக வெட்டிப் போனால் ஆயிரம் மாற்றத்தையும் பத்துக் கம்பைலில் பிடித்துவிடலாம். நான் டேட்டா மிச்சம் பிடிக்கக் கடைசி மாற்றத்தை மட்டும் இறக்கியிருந்தேன். பழைய வரலாறு இல்லாமல் பைசெக்ட் ஓடாது. டவுனில் மச்சான் வீட்டு வைஃபையில் முழுவதையும் மறுபடி இறக்கினேன். தொடங்குபவர்கள் முதலிலேயே முழுதாக இறக்குங்கள்.

குறை என்றால், செட்டிங்ஸ் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது. புதியவர்கள் ரெண்டரிங் ரெசல்யூஷனை (படம் எத்தனை புள்ளிகளில் வரையப்படுகிறது என்பதை) மட்டும் முதலில் தொடுங்கள். பிஎஸ்பியின் அசல் 480க்கு 272 அளவிலேயே வைத்தால் 2 ஜிபி போனிலும் தாராளமாக ஓடும். தம்பி இன்னமும் அப்படித்தான் வைத்திருக்கிறான்.