தரைவழித் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்ய எந்த அடாப்டர் ஏற்றது?

முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்களுக்கும், நெசவு, கூத்து, ஊர்த் திருவிழா என்று தங்கள் வட்டாரத்துச் செய்திகளைக் கேட்டு எழுதுபவர்களுக்கும் தரைவழித் தொலைபேசி இன்றும் நம்பகமான கருவியாகவே இருக்கிறது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து 64 கிலோபிட் வேகத்தில் அனுப்புகிறது. 2ஜி கைப்பேசி அழைப்பிலோ அதே குரல் அதிகம் போனால் ஏறத்தாழ 13 கிலோபிட்டுக்குள் சுருக்கப்படுகிறது. 4ஜி அழைப்பு நன்கு அமைந்தால் தரைவழியைவிடத் துல்லியமாகவே ஒலிக்கும் என்றாலும், சிக்னல் தளரும் இடத்தில் சொற்கள் விட்டுப்போகும் தொல்லை அதில் உண்டு. இரு முனையிலும் நல்ல தரைவழி இணைப்பு இருந்தால் ஒரு மணி நேரப் பேச்சும் ஒரே சீராக வந்து சேரும். அப்படி வந்து சேர்ந்த பேச்சை ரெக்கார்டருக்குள் எப்படிக் கொண்டுசெல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

இதற்கான அடாப்டர்கள் நான்கு வகை: ரிசீவரின் மேல் ஒட்டவைக்கும் காந்தச் சுருள், சுவரிலிருந்து வரும் லைனில் இணைக்கும் அடாப்டர், ரிசீவருக்கும் தொலைபேசிக்கும் இடையே செருகும் அடாப்டர், காதுக்குள் வைத்துக்கொள்ளும் சிறு மைக். இவற்றை விலையைக் கொண்டு ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. எதிர்முனையில் பேசுபவரின் குரலும் நம் குரலும் ஏறத்தாழ ஒரே அளவில் பதிவாகின்றனவா என்பதே முதன்மையான உரைகல். மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைப் புரிந்துகொள்ளத் தொலைபேசி வேலை செய்யும் முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். சுவரில் இருக்கும் ரோசெட் பெட்டியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் இருவர் குரலும் ஒன்றாகவே ஓடுகின்றன. தொலைபேசிக்குள் இருக்கும் சுற்றுதான் அவற்றைப் பிரித்து, போகும் குரலை மைக்கிலிருந்து வாங்கி, வரும் குரலை ரிசீவரின் காதுப் பகுதிக்கு அனுப்புகிறது. அப்படிப் பிரிக்கும்போது நம் குரலின் ஒரு சிறு பங்கை வேண்டுமென்றே நம் காதுக்கும் விட்டுவைக்கிறார்கள், ஏனெனில் அது அறவே கேட்காவிட்டால் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து நாம் குரலை உயர்த்திக் கத்தத் தொடங்கிவிடுவோம். ஆகவே லைனில் கைவைத்தால் ஒரு விதமான கலவையும், ரிசீவர் பக்கம் கைவைத்தால் வேறு விதமான கலவையும் கிடைக்கின்றன.

காந்தச் சுருளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் உறிஞ்சியால் ரிசீவரின் முதுகில் ஒட்டிவைத்தால், காதுப் பகுதியிலிருந்து கசியும் காந்தப்புலத்தை அது பிடித்து ரெக்கார்டருக்குத் தரும். கனமான பழைய ரிசீவர்களில் இந்தக் கசிவு தாராளமாக இருந்தது. பிற்காலத்து இலேசான ரிசீவர்களில் அந்த அளவுக்கு இல்லை. ஒட்டும் இடம் அரை அங்குலம் தவறினாலும் குரல் மங்கிவிடும். பக்கத்தில் மின்சார சார்ஜரோ சோக் வைத்த குழல்விளக்கோ இருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பேச்சோடு சேர்ந்து பதிவாகும். கம்பி எதையும் கழற்ற வேண்டாம் என்பது ஒன்றே இதன் நன்மை, ஒரு முக்கியமான பேட்டிக்கு அது போதாது.

லைன் அடாப்டர்தான் பலரும் முதலில் வாங்குவது. லைனில் நேரடியாக ரெக்கார்டரைச் செருக முடியாது என்பதை முதலில் அழுத்திச் சொல்ல வேண்டும். ரிசீவரை எடுக்காமல் தொலைபேசியின் மேல் வைத்திருக்கும் நிலையில் அந்தக் கம்பிகளில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கிறது. மணி அடிக்கும்போது அதன்மேல் 75 வோல்ட்டும் அதற்கு மேலும் மாறுமின்னழுத்தம் ஏறுகிறது. ரெக்கார்டரின் மைக் துளையோ வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. நல்ல அடாப்டரில் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் மின்தேக்கியும், லைனையும் ரெக்கார்டரையும் மின்வழியில் பிரித்துவைக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கும். மின்தேக்கி இல்லாத மட்டமான அடாப்டரைச் செருகினால், ரிசீவரை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் எண்ணிக்கொள்ளும். அடாப்டர் லைனில் இருக்கும்வரை உள்வரும் அழைப்பு எதுவும் மணி அடிக்காது.

சரியாகச் செய்யப்பட்ட லைன் அடாப்டரின் உண்மையான குறை வேறு. நம் குரல் நம் தொலைபேசியிலிருந்து அப்போதுதான் புறப்பட்டு முழு வலுவோடு லைனில் இறங்குகிறது; எதிர்முனைக் குரலோ எக்ஸ்சேஞ்சிலிருந்து கிலோமீட்டர் கணக்கான செம்புக் கம்பியைக் கடந்து தளர்ந்து வருகிறது. எனவே பதிவில் கேள்வி கேட்டவர் முழங்குவார், பதில் சொன்னவர் முணுமுணுப்பார். ரெக்கார்டரில் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: நாம் பேசும்போது கருவி தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது, நாம் நிறுத்தியதும் அதை மெதுவாக உயர்த்துகிறது, அந்த இடைவெளியில் எதிர்முனையில் இருப்பவர் சொன்ன முதல் ஓரிரு சொற்கள் அமுங்கிவிடுகின்றன. பெயர், ஆண்டு, ஊர் போன்ற பதில்கள் பெரும்பாலும் அந்த முதல் சொல்லாகவே அமைவதால், வாய்மொழி வரலாற்றுக்கு இது சிறிய குறை அல்ல.

இருந்தாலும் லைன் அடாப்டருக்கு உரிய இடம் ஒன்று உண்டு. ரிசீவரை எடுத்ததும் லைனின் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்குவதை உணர்ந்து ரெக்கார்டரைத் தானாகத் தொடங்கி, வைத்ததும் நிறுத்தும் மாதிரிகள் டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்தே இருக்கின்றன. ஒரே லைனில் இரண்டு, மூன்று தொலைபேசிகள் இருந்தாலும் எதில் பேசினாலும் பதிவாகும். கார்ட்லெஸ் தொலைபேசிக்கும் இது ஒத்துவரும். செம்புக் கம்பி வழியே பிராட்பேண்ட் வரும் வீட்டில், தொலைபேசிக்குச் செல்லும் ஃபில்டருக்குப் பின்னால்தான் அடாப்டரைப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் மோடத்தின் சிக்னல் பதிவில் சீறலாகக் கேட்கக்கூடும். ஃபைபர் இணைப்புக்கு மாறியவர்களும் இதைக் கைவிட வேண்டியதில்லை, ஏனெனில் மோடத்தின் தொலைபேசித் துளை அதே இரண்டு கம்பி முறையில்தான் இயங்குகிறது, மேலும் அங்கே கம்பியின் நீளம் சில அடிகளே என்பதால் எதிர்முனைக் குரல் தளர்வதும் குறைகிறது. அலுவலகங்களின் டிஜிட்டல் இன்டர்காம் லைனில் மட்டும் இதைச் செருகவே கூடாது. அந்த லைனில் ஓடுவது குரல் அல்ல, எண்களாக மாறிய சிக்னல்.

ரிசீவர் அடாப்டரைத்தான் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ரிசீவரின் சுருள் வயரைத் தொலைபேசியிலிருந்து கழற்றி அடாப்டரில் செருகி, அடாப்டரின் குட்டை வயரைத் தொலைபேசியில் செருகினால் வேலை முடிந்தது. சுருள் வயரின் முனையில் இருப்பது, லைன் வயரின் செருகியைவிடச் சற்று ஒடுங்கிய, நான்கு கம்பி கொண்ட செருகி. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடாமல் கடையில் வயரைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. தொலைபேசிக்குள் இருக்கும் சுற்று குரல்களைப் பிரித்து முடித்த பிறகு, நம் காதுக்கு ஏற்ற அளவில் கலந்து அனுப்பும் ஒலியையே இது எடுத்துக்கொள்கிறது. அதனால் எதிர்முனைக் குரல் முன்னால் நிற்கிறது, நம் குரல் ஒரு படி பின்னால் ஒலிக்கிறது, பேட்டிக்கு வேண்டியதும் அதுதான். 48 வோல்ட்டும் மணி மின்னழுத்தமும் இந்தப் பக்கம் வருவதே இல்லை. டிஜிட்டல் இன்டர்காம் ஆனாலும் இணையவழித் தொலைபேசி ஆனாலும், சுருள் வயர் கொண்ட ரிசீவர் இருந்தால் பெரும்பாலும் இது இயங்கும்.

இதற்கும் வரம்புகள் உண்டு. கார்ட்லெஸ் தொலைபேசியில் செருகுவதற்கு வயரே இல்லை. எண் பட்டன்கள் ரிசீவருக்குள்ளேயே அமைந்த தொலைபேசிகளில், பிரிக்கும் சுற்றும் ரிசீவருக்குள்ளேயே இருப்பதால் அந்த வயரில் தனித்தனிக் குரல்கள் ஓடுவதில்லை. அங்கே இந்த அடாப்டர் பயன்படாது. தயாரிப்புக்குத் தயாரிப்பு நான்கு கம்பிகளின் அமைப்பு மாறக்கூடும் என்பதால் சில அடாப்டர்களில் ஒரு சிறு சுவிட்ச் வைத்திருப்பார்கள். ஒரு நிலையில் குரல் மெலிந்து கேட்டால் மற்றதற்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். தொலைபேசியின் ஒலியளவுப் பட்டனைக் கூட்டினால் பதிவின் அளவும் கூடும் என்பதால், பேட்டி தொடங்கும் முன் அதை ஒரு நிலையில் வைத்துவிட்டு இடையில் தொடாமல் இருப்பது நலம்.

காதுக்குள் வைக்கும் மைக், இயர்போன் போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒலிவாங்கி. ஒலிம்பஸ் நிறுவனத்தின் டி.பி.-8 இவ்வகையில் பலர் அறிந்தது. அதை மாட்டிக்கொண்டு அதன்மேல் ரிசீவரை வைத்துப் பேசினால் இருவர் குரலும் பதிவாகும். தரைவழி, கார்ட்லெஸ், கைப்பேசி என்ற வேறுபாடு இதற்கு இல்லை என்பது பெரிய வசதி. ஆனால் அறையில் சுழலும் மின்விசிறி, தெருவில் போகும் வண்டியின் ஹாரன், சமையலறையில் அடிக்கும் குக்கர் விசில் எல்லாம் கூடவே வரும். ரிசீவர் காதிலிருந்து சற்று விலகினாலே எதிர்முனைக் குரல் தேய்ந்துவிடும். ஒரு மணி நேரம் ரிசீவரை ஒரே அழுத்தத்தில் பிடித்திருப்பதும், கூடவே குறிப்பு எழுதுவதும் எளிதல்ல. கார்ட்லெஸ் மட்டுமே உள்ள வீட்டுக்கும், வெளியூரில் எந்தத் தொலைபேசி கிடைக்கும் என்று தெரியாதவருக்கும் இதுவே சரி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் ரெக்கார்டரை வைக்கும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல், ஏனெனில் பல ஸ்பீக்கர் தொலைபேசிகள் ஒருவர் பேசும்போது மற்றவர் குரலை வெட்டிவிடுகின்றன.

எந்த அடாப்டரானாலும் ரெக்கார்டரின் அமைப்பில் கவனம் தேவை. குரல் கேட்டால் மட்டும் ஓடும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். அது ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாகவே விழிப்பதால் ‘இல்லை’ என்று சொன்னது பதிவில் ‘லை’ என்று மட்டும் கேட்கும். மைக் உணர்திறனைக் குறைந்த நிலையில் வைத்து, ரெக்கார்டரைச் சார்ஜரில் இணைக்காமல் பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் பெரிதும் குறையும். தொலைபேசி வழியே வருவது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டுமே என்பதால் மிக உயர்ந்த தரத்தில் பதிவு செய்வதில் பயனில்லை; 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ போதும், ஒரு மணி நேரத்துக்கு 115 எம்.பி. ஆகும். அந்த 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும் ஒலிக்கூறுகளை எந்த அடாப்டராலும் மீட்க முடியாது. ‘பட்டு’, ‘பத்து’ போன்ற சொற்களும் ஊர்ப்பெயர்களும் தொலைபேசியில் குழம்புவது இயல்பு. ஆகவே பெயர் வரும்போதெல்லாம், “எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க ஐயா” என்று அப்போதே கேட்டுப் பதிவிலேயே இருத்திக்கொள்ள வேண்டும்.

சட்ட நிலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1964-இல் பம்பாயில் லஞ்சம் கேட்ட மரண விசாரணை அதிகாரியின் பேச்சை, மருத்துவர் ஒருவரின் இசைவோடு அவர் தொலைபேசியில் டேப் ரெக்கார்டரை இணைத்துக் காவல்துறை பதிவு செய்தது, அதுவே ஆர்.எம். மல்கானி எதிர் மகாராஷ்டிர அரசு வழக்காகி, பேசும் இருவரில் ஒருவரின் இசைவு இருந்ததால் அந்தப் பதிவு சாட்சியமாகும் என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சாட்சியமாக ஏற்கப்படுவது வேறு, ஒருவரின் அந்தரங்கத்தை மதிப்பது வேறு. தொலைபேசிப் பேச்சு அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று 1996-இலேயே அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதிசெய்தது. வாய்மொழி வரலாற்றுக்காகப் பேசுபவரிடம், எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லி, அவர் சம்மதிப்பதையும் பதிவின் முதல் நிமிடத்தில் சேர்த்துவிட வேண்டும். அவர் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும், அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். பின்னாளில் அந்தப் பதிவு நீதிமன்றம் போக நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும். அதற்காகவேனும் வெட்டாத, ஒலியைத் திருத்தாத மூலக் கோப்பை அப்படியே தனியாக வைத்துக்கொண்டு, நகலில் மட்டுமே வேலை செய்ய வேண்டும்.