பழைய துப்பாக்கிக்குப் புதுக் கதவு: ஸ்னைடரா, ஆலினா?

1860-களின் நடுவில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரே தலைவலி. கிடங்கு நிறையத் துப்பாக்கிகள், எல்லாமே குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற ரகம். நன்றாகப் பழகிய சிப்பாய்கூட நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடியும். தூக்கி எறிய மனமில்லை, புதிதாகச் செய்யக் காசில்லை. சரி, பின்பக்கம் வெட்டி ஒரு கதவு வைப்போம் என்று இரண்டு நாடுகளும் இறங்கின.

பிரிட்டன் எடுத்துக்கொண்டது ஜேக்கப் ஸ்னைடரின் வழி. ஆள் அமெரிக்கர், அதுவும் பிலடெல்பியாவில் ஒயின் வியாபாரம் பார்த்தவர். பிரிட்டிஷ் படையிடம் இருந்த 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலில் பின்பக்கம் இரண்டரை அங்குலம் வெட்டிவிட்டு, வலப்பக்கம் திறக்கும் கதவுள்ள ஒரு பெட்டியை முறுக்கிப் பொருத்தினார்கள். குழல், கட்டை, குதிரை (விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியல்) எல்லாம் பழையதே. 1866-இல் படையில் சேர்ந்தபோது நிமிடத்துக்குப் பத்து முறை சுட முடிந்தது. கர்னல் பாக்ஸரின் பித்தளைச் சுருள் தோட்டா வந்ததும் குறியும் பழைய என்ஃபீல்டைவிட நன்றாக விழுந்தது.

இதன் குறை கையில் எடுத்தால்தான் தெரியும். குதிரையைப் பாதி தூக்கி, கதவைப் பக்கவாட்டில் திறந்து, அப்படியே பின்னால் இழுத்தால் வெற்றுக்கூடு குழலைவிட்டு வெளியே வரும். ஆனால் கீழே விழாது. துப்பாக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதற வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் இந்தக் கூத்து!

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையின் தலைமை ஆயுதக் கொல்லர் எர்ஸ்கின் ஆலின் வைத்த கதவு டிரங்குப் பெட்டி மூடி மாதிரி மேலே திறக்கும். திறந்த வேகத்தில் கூடு தானே வெளியே வரும். 1865-இல் வந்த முதல் மாடலில் கூட்டை இழுக்கும் பல்சக்கர அமைப்பு சீக்கிரம் கெட்டுப்போகிற சாதனம், அதை விடுங்கள். 1866 மாடல்தான் விஷயம். 14.7 மில்லிமீட்டர் குழலைக் குடைந்து, உள்ளே ஒரு குழாயைப் பற்றவைத்து 12.7 ஆகக் குறுக்கினார்கள். மருந்தின் அளவு ஸ்னைடருக்குச் சமம்தான், சுமார் நாலரை கிராம். குண்டு கொஞ்சம் இலேசு, மெலிசு. எட்டும் தூரம் கூடியது. ஆனால் குழலுக்குள் குழல் செருகுவது சில்லறை வேலையா? மிச்சம் பிடிக்க ஆரம்பித்த காரியத்தில் செலவை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

இந்த ஆலின் துப்பாக்கியின் மகிமை 1867 ஆகஸ்ட் 2 அன்று வயோமிங்கில் நடந்த வேகன் பாக்ஸ் சண்டையில் தெரிந்தது. மறுபடி கெட்டிக்கிற இடைவெளியில் பாய்ந்துவிடலாம் என்று வந்த லகோட்டா பழங்குடி வீரர்களுக்கு அந்த இடைவெளியே கிடைக்கவில்லை. ஸ்னைடரின் முதல் பெரிய களம் 1868-இல் அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா).

பழையதை மாற்றும் வேலை என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு ஸ்னைடருக்கு. குறைவாக வெட்டி, நிறைய மிச்சம் பிடித்தது. கதவு என்று பார்த்தால் ஆலினுக்கு. காலமும் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தது. பிரிட்டன் 1871-லேயே மார்ட்டினி-ஹென்றி என்ற புதுத் துப்பாக்கிக்குத் தாவியது. அமெரிக்கா பழைய குழல்களைக் கைவிட்ட பிறகும், புதிதாகச் செய்த துப்பாக்கிகளில் ஆலின் கதவையே வைத்து 1892 வரை ஓட்டியது. ஸ்னைடர் இதில் எதையும் பார்க்கவில்லை. தன் கண்டுபிடிப்புக்கான பணத்துக்குக் காத்திருந்து, 1866-லேயே கடனோடு இறந்துபோனார்.