ப்ராம்ஸ் கச்சேரி: ரேடியோவிலா, டிவியிலா?

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கோடைதோறும் நடக்கும் மேற்கத்திய செவ்வியல் இசை விழாவான பிபிசி ப்ராம்ஸின் கச்சேரிகள் எல்லாம் பிபிசியின் ரேடியோ 3 வானொலியில் நேரலையாக வரும், டிவியில் சிலதான்.

ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியை (1893) எடுத்துக்கொள்வோம். சிம்பொனி என்பது பெரிய இசைக்குழு வாசிக்கும், பல பகுதிகள் கொண்ட படைப்பு. மூன்றாம் பகுதி ஆரவாரமாக முடிந்ததும் அரங்கம் பல சமயம் கைதட்டிவிடும். ரேடியோ நேயர் சிலருக்கு அது பெரிய எரிச்சல். துயரமான கடைசிப் பகுதிக்குப் போகவேண்டிய நேரத்தில் மனம் கலைந்துவிடுகிறது. டிவியில் இசை நடத்துநரின் முகமும் கையும் தெரிவதால் அவ்வளவு உறுத்தாது. ஆனால் தொடக்கத்தில் பஸ்ஸூன் என்ற ஊதுகருவி அடித்தொண்டையில் முனகுமே, கேமரா வேறெங்காவது போனால் காதும் கூடவே போய்விடும். இதற்கு ரேடியோதான் என் கட்சி.

செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி வேறு கதை. இரண்டாம் பகுதியின் அந்த உருக்கமான மெட்டை வாசிப்பது இங்கிலிஷ் ஹார்ன் என்ற மர ஊதுகருவி. எந்தக் கருவி வாசிக்கிறது என்று தெரிய, புதிதாகக் கேட்பவர்கள் அதை டிவியில் பார்த்தே கேட்கட்டும்.