121 துண்டு பத்தடிமானக் கட்டைப் பெட்டி: வாங்கும் முன்

இடமதிப்பும் கழித்தலும் சொல்லித்தரும் எண் கட்டைகள் இவை: ஒன்று சின்னக் கனசதுரம், பத்து பட்டை, நூறு பலகை, ஆயிரம் பெரிய கனசதுரம். சேலம் கடைவீதியில் மரப்பெட்டி எடுப்பவர்கள் அங்கேயே பிரித்துப் பாருங்கள். 10 ஒன்றுகளை வரிசையாக ஒரு பத்துப் பட்டையின் மேல் வையுங்கள். பெயின்ட் கனமாக இருந்தால் வரிசை நீண்டுவிடும்; அப்புறம் ‘10 ஒன்றும் ஒரு பத்தும் சமம்’ என்று எந்தப் பிள்ளையும் நம்பாது. ஏற்காடு பக்கத்துப் பள்ளிகளுக்குப் பிளாஸ்டிக்தான் சரி. பூச்சில்லாத மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும்.

உள்ளே ஒன்றுகள் 100, பத்துகள் 10, நூறுகள் 10, ஆயிரம் 1. தட்டுப்பாடு பத்துகளில்தான். 98ஐ அடுக்க ஒரு பிள்ளைக்கே 9 பட்டை போய்விடும். நாலு பேர் குழுவென்றால் உதிரிப் பட்டை இன்னும் 26ஆவது வேண்டும்.

கடன் வாங்கிக் கழிப்பதில் பெட்டி கொடுத்த காசுக்கு உழைக்கிறது. 42 − 17: நாலு பட்டை, இரண்டு ஒன்று. ஒரு பட்டையைப் பெட்டியில் போட்டபின்தான் 10 ஒன்றுகளை எடுக்க வேண்டும். போடாமல் எடுத்தால் விடை 35. 7இலிருந்து 2ஐக் கழிக்கும் பிள்ளைக்கும் அதே 35தான் வரும்! நோட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மேசையில் கட்டைகளைப் பார்த்தால்தான் தவறு எங்கே என்று பிடிபடும்.

ஆயிரம் கட்டை சுமாராகத்தான் உதவும். பிள்ளைகள் அதன் ஆறு முகத்தையும் எண்ணி ‘அறுநூறு’ என்பார்கள். 10 நூறு பலகைகளைப் பக்கத்தில் அடுக்கிக் காட்டுங்கள்.

ஒன்றாம் வகுப்புக்கு இது வேண்டாம். பட்டையைப் பிரிக்க முடியாது. ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டே மேல், அவிழ்த்தால் பத்தும் கையில் வரும்.