டியூபைத் திட்டிப் பயனில்லை: சொந்தமாகக் கட்டிய சிஎன்சி ரவுட்டர் பிரேமுடன் சில ஆண்டுகள்

கணினிக் கட்டளைப்படி கட்டரை ஓட்டி மரத்தை வெட்டும் சிஎன்சி ரவுட்டர் ஒன்றைக் கட்டத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், அதன் பிரேமுக்கு 4080 (40×80 மி.மீ.) அலுமினிய புரொஃபைல் வாங்குவதா, எம்.எஸ். (மென் எஃகு) டியூபை வெல்டிங் செய்வதா என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்குச் செலவிடும் கவலையில் பாதியை அவர், கட்டரைத் தாங்கும் பகுதி சறுக்கி ஓடும் ரெயிலுக்கு ஒதுக்கினால் நல்லது.

எம்.எஸ். டியூபைப் பற்றி எனக்குக் குறையில்லை. இரும்பின் விறைப்பு அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, விலையோ குறைவு. அடிப் பிரேமின் நீளச் சட்டங்களில் உலர்ந்த மணலை நிரப்பி வாயை அடைத்த பிறகு, தேக்கை வெட்டும்போது பட்டறை முழுவதும் கேட்ட ரீங்காரம் அடங்கிப்போனது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தந்த பொருள் இந்த மெஷினில் வேறெதுவும் இல்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். அது தொடக்கம் முதலே உடன் இருந்தது. தேக்குப் பலகையில் சதுரக் குழி ஒன்றை வெட்டினால், ஒய் திசையில், அதாவது முன்பின்னாக ஓடும் சுவர்கள் இழைத்ததுபோல் இருக்கும். எக்ஸ் திசையில், அதாவது இடவலமாக ஓடும் சுவர்களில் மட்டும் நகத்தை வைத்து இழுத்தால் தடதடவென்று அலை தட்டும். ஒவ்வொரு குழியிலும் இரண்டு சுவர்களை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் அனைவரும், மெஷினுக்குக் குறுக்கே கட்டரைச் சுமந்து நிற்கும் கேன்ட்ரியின் டியூப் போதாது, இன்னும் பெரிதாகப் போடு என்றே சொன்னார்கள். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வேறு கதை சொன்னது. ஸ்பிரிங் தராசைக் கொண்டு ஐந்து கிலோ விசையில், கட்டரைப் பிடித்திருக்கும் கலெட் நட்டை அந்தச் சுவர்களுக்குக் குறுக்கான ஒய் திசையில் இழுத்தபோது முனை கால் மில்லிமீட்டர் அளவுக்கு அசைந்தது; அதே விசையில் 100×50 டியூபின் நடுப்பகுதி 0.02 மி.மீ.கூட முழுதாக நகரவில்லை. மீதி அசைவு முழுவதும் டியூபுக்கும் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் இடையில், எஸ்பிஆர்16 என்ற வகை உருளை ரெயில்களின் மீது ஓடும் பிளாக்குகளில் இருந்தது. அந்த பிளாக்கின் ஒரு பக்கம் திறந்தே இருக்கும். அந்தத் திறப்பின் வழியாக ரெயிலிலிருந்து விலக்கி இழுக்கும் விசைக்குத்தான் அது மிகவும் இளகிக் கொடுக்கும். கேன்ட்ரியின் முன்முகத்தில் ரெயிலைப் பொருத்தினால், இரு ரெயில்களுக்கும் கீழே தொங்கும் கட்டர் நெம்புகோலாகி, ஒரு ரெயிலின் பிளாக்கை அழுத்தி மற்றதன் பிளாக்கைப் பிய்த்து இழுக்கிறது.

சமீபத்தில் 15 மி.மீ. சதுர ரெயிலின் விலை இறங்கியதால் எக்ஸ் அச்சில் அதை மாற்றினேன். அதன் பிளாக்குகளில் நான்கு வரிசைக் குண்டுகள் எல்லாத் திசையிலும் தாங்குகின்றன. ஆனால் அதற்கு மேடுபள்ளமில்லாத தளம் வேண்டும். வெல்டிங் செய்த டியூபோ, ஆறும்போது பற்றவைத்த பக்கம் சுருங்கி வில்லாக வளைந்திருக்கும். டியூபின் முகத்தை மில்லிங் செய்ய, அதாவது இயந்திரத்தில் சீவிச் சமப்படுத்தக் கொடுத்த இடத்தில் வாரக்கணக்கில் காக்க வைத்து, டியூபின் விலையைவிட அதிகமாக வாங்கிக்கொண்டார்கள். ஐந்து மி.மீ. சுவர் இருந்ததால்தான் ஒரு மி.மீ. சீவியும் தாக்குப்பிடித்தது.

இப்போது அதே இழுப்பில் முனை அசைவது 0.08 மி.மீ.; இரண்டு பக்கச் சுவர்களும் ஒன்றுபோல் வருகின்றன. நியாயமாகப் பார்த்தால் இந்த பிரேமுக்கு நல்ல மதிப்பெண் தர வேண்டும். இருந்தும், மில்லிங் ரசீதை மேசையில் வைத்துக்கொண்டு எழுதும் இந்த நேரத்தில், நண்பர் பிரேமே கட்ட வேண்டாம், இயந்திரமாகவே வாங்கிவிடட்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கட்டியே தீருவேன் என்றால், பட்ஜெட்டில் முதலில் சதுர ரெயிலுக்கும், வெல்டிங்குக்குப் பிறகான மில்லிங்குக்கும் பணத்தை எடுத்து வைக்கட்டும். மிச்சமிருப்பதில் அலுமினியமோ எம்.எஸ்.ஸோ, எது கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம்.